ஜோசுவாவின் ஹேண்டில்பார்

என் கணவர் ஜோசுவாவுக்கு விரல்தான் சோறு போடுகிறது. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கிறார். கண்ணை மூடித் தோலைத் தடவியே, ஆட்டை உண்ணி கடித்த தழும்பு எங்கே என்று சொல்லிவிடுவார். அந்தப் பெருமையில் எதையும் தடவித்தான் வாங்குவார், கத்தரிக்காய் உட்பட.

வேளாங்கண்ணிக்குச் சைக்கிளிலேயே வருவதாக நேர்ந்துகொண்டார். அதற்குப் புது ஹேண்டில்பார் வேண்டுமென்று பஜாரில் அதாவுல்லா பாய் கடைக்குப் போனவர், அங்கேயும் கண்ணை மூடி ஒவ்வொன்றாகத் தடவியிருக்கிறார். இருந்ததிலேயே வழவழப்பானது, கடாக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஒன்று. மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு தரம் ஏறி உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை.

பழகிக்கொள்வதற்காக மூன்று ஞாயிறு வேலூர் வரை போய்வந்தார். மூன்று தடவையும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. மூன்றாவது தடவை மறுநாளும் மரப்பு விடாமல், கீறல் விழுந்த தோலை நல்ல தோல் என்று அனுப்பிவிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் தரம் பிரிக்கிற மேசைக்கே வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு எனக்குப் பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. இவரோ நல்ல கையுறையாகத் தடவிப் பார்த்து வாங்கினால் போதும் என்கிறார்.

நான் ஷூ கம்பெனியில் மாதிரி ஷூவைப் போட்டு நடந்து பார்க்கிறவள். எங்கே கடிக்கிறது என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

"ஷூவைத் தடவியா பாஸ் பண்றாங்க? காலை வுட்டு நடந்து பாக்கணும். நாளைக்குக் கடைக்கு நானும் வர்றேன்" என்றேன்.

கடையில் அவரைச் சைக்கிளில் ஏற்றிக் கண்ணை மூடச் சொன்னேன். அது அவருக்குப் பிடித்த வேலை. முதுகை நிமிர்த்தி, முழங்கையை லேசாக மடக்கிக் கையை நீட்டினார். அந்தக் கைக்கு நேராக பாய் ஒவ்வொரு ஹேண்டிலாகப் பிடித்துக் காட்டினார். பொருந்தியது ஒன்றுதான். பால்காரர் சைக்கிளில் இருக்குமே, உயரமாகப் பின்பக்கம் வளைந்தது, அது. கண்ணைத் திறந்ததும் ஜோசுவாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கூட வருகிற தோஸ்துகள் பால் லிட்டர் என்ன விலை என்று கேட்பார்களாம். கேட்டால் விலையைச் சொல்லுங்கள் என்றேன்.

அதையே மாட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறு வேலூர் போய்த் திரும்பினார். வாசலிலேயே மறித்து விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். என் கையைப் பிடித்து, சுண்டுவிரலால் உள்ளங்கையைத் தடவினார்.

"இன்னா ஹெலன், கை இவ்ளோ சொரசொரன்னு இருக்குது? கட்டைவிரல்கிட்ட ஒரு முள்ளு வேற."

வெயிலில் நீட்டிப் பார்த்தேன். மயிரிழை அளவுக்கு ஒரு முள், எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கை சொரசொரப்பு என்று சொன்னதற்காக அன்றைக்குப் பாத்திரம் முழுவதையும் அவரையே கழுவ வைத்தேன்.