ஒரே ஊசி, இரண்டு கை

ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்து மேலூர்க் குழுமாயிக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் வள்ளிக்கண்ணு, சொந்த அண்ணன் மகள். இளையவள் ரங்கநாயகி, அசலில் எடுத்தவள். இரண்டு பேரும் ஒரே முகூர்த்தத்தில் அந்த வீட்டு வாசற்படி ஏறினார்கள். ஒரே மாசி மாதத்தில், ஒரே பச்சை குத்துகிறவளிடம் வலது முன்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அது அந்த வீட்டு வழக்கம். மருமகள் எவ்வளவு ருசியாகச் சமைத்தாலும் சரி, பச்சை குத்தாத கையால் பரிமாறினால் குழுமாயி இலையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

மஞ்சளையும் அகத்திக்கீரையையும் துணியில் சுருட்டி எரித்த கரி இரண்டு பேருக்கும் ஒரே கிண்ணத்தில் குழைக்கப்பட்டது. ஊசியும் ஒன்றுதான். நாலு இதழ்ப் பூ, நடுவில் ஒரு புள்ளி. ரங்கநாயகி போட்ட கூச்சலில் பக்கத்துத் தோப்பில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். வள்ளிக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பச்சை குத்துகிறவள் அவளைத்தான் மெச்சிவிட்டுப் போனாள்.

மெச்சி என்ன பயன்? பொருக்கு உதிர்ந்ததும் ரங்கநாயகியின் பூ தாளில் வரைந்த மாதிரி வழவழவென்று படிந்துவிட்டது. வள்ளிக்கண்ணுவின் பூவோ நாளுக்கு நாள் எழும்பியது. தோலுக்கு அடியில் யாரோ கயிறு வைத்துத் தைத்ததுபோல ஒவ்வொரு இதழும் தடித்துப் பளபளத்தது. வெயில் ஏறி வியர்த்தால் நமைச்சல் வேறு பிடுங்கித் தின்றது. எப்படியாவது மட்டமாக்கிவிட வேண்டும் என்று அவள் தினமும் வாய்க்கால் படித்துறையில் உட்கார்ந்து பீர்க்கங்காய் நாரால் தேய்த்தாள். அது அடங்காததால் செங்கல் பொடியைப் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அந்தப் பாழாய்ப்போன பூ இன்னும் செழித்து வளர்ந்தது. தோப்பில் அந்த வருஷம் எந்த வாழையும் அப்படி வளரவில்லை.

குழுமாயி அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எதற்கும் அர்த்தம் கண்டுபிடிக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. "பச்சைன்னா உள்ள எறங்கணும்டி. மேல எந்திரிச்சு நிக்கிதுன்னா அந்தக் கை எதையும் வாங்கிக்காதுன்னு அர்த்தம். அந்தக் கையில ராசி தங்காது."

சொன்னது வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். குழுமாயியோ அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கைராசிக்காரி. மேலூரில் யார் புதிதாக வாழை போட்டாலும் முதல் கன்றை அவள் கையால்தான் வைப்பார்கள். மாடு வாங்கினாலும் கயிற்றை முதலில் அவள் பிடிக்க வேண்டும். ராசி விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

எழுபத்தேழில் வெள்ளம் வந்து போன மறு வருஷம் அது. ஐப்பசிக் காற்றில் குலை தள்ளிய மரங்கள் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டன. முற்றாத காயை வாங்க ஆள் இல்லை. வள்ளிக்கண்ணு பெரிய வாணலியில் எண்ணெயைக் காயவைத்து, வாழைக்காயைக் கையில் பிடித்தபடி நேராக எண்ணெய்க்குள்ளேயே சீவி விட்டாள். லால்குடிப் பக்கம் அவள் அம்மா அப்படித்தான் போடுவாளாம். சீவல் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், காகிதம் மாதிரி மொறுமொறுவென்று வந்தது. தெருவே மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து நின்றது. அவள் புருஷன் தர்மராஜ் அதை ஒரு பையில் கட்டிக்கொண்டு போய் அம்மா மண்டபம் சாலையில் விற்றான். போன வேகத்தில் காலிப் பையோடு திரும்பி வந்தான்.

காவிரியில் குளித்துவிட்டுக் கோயிலுக்கு நடக்கிற கூட்டம் முழுவதும் அந்தச் சாலை வழியாகத்தான் போகும். அங்கே ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. தர்மராஜ் அதைப் பேசி முடித்தான். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கு முன்பு வறுவல் கடையைத் திறந்துவிட வேண்டும் என்று வீடே பரபரத்தது. வள்ளிக்கண்ணுவுக்குத் தரையில் கால் பாவவில்லை. அடுப்பு எங்கே, தட்டு எங்கே, எந்தப் பக்கம் காற்று வரும் என்று கோலப்பொடியால் முற்றத்தில் கடையையே வரைந்து பார்த்தாள்.

அப்போதுதான் குழுமாயி குண்டைத் தூக்கிப் போட்டாள். "கடைய ரங்கநாயகி பாத்துக்கட்டும். போணி பண்ற கை ராசியான கையா இருக்கணும். நீ வீட்டோட இருந்து காயை உரிச்சுக் குடு."

வள்ளிக்கண்ணு தோப்புக்குள் போய் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நகைக்கும் புடவைக்கும் அவள் ஒரு நாளும் ஆசைப்பட்டவள் இல்லை. இந்தக் கடையைத்தான் விரும்பினாள். அதுவும் ஒரு பூ வீங்கினதற்காகப் போகிறதே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அவளைத் தேடிக்கொண்டு வந்த ரங்கநாயகி அதைவிடப் பெரிய அழுகையில் இருந்தாள்.

"அக்கா, எண்ணெய் சடசடன்னாலே எனக்கு மயக்கம் வருது. அதுக்குள்ள கையை நீட்டிச் சீவச் சொல்றாங்களே! நான் செத்தேன்."

"நான் என்ன பண்ண முடியும் நாயகி? என் கை அப்படி ஆயிப்போச்சு."

"எதனால ஆச்சுன்னு ஒரு டாக்டரக் கேட்டா என்ன? இவுக ஃபேக்டரில வேலை பாக்குற ஒருத்தர் வீட்ல தில்லைநகர் டாக்டரம்மாகிட்ட தோலுக்குப் பாத்தாங்களாம். கெட்டிக்காரங்களாம்."

திருவெறும்பூர் ஃபேக்டரியில் வேலை பார்க்கிற தன் புருஷன் சொன்னதை அவள் அன்று சாயங்காலமே மாமியார் காதில் போட்டாள். கொஞ்சம் காரம் சேர்த்தே போட்டாள். "அத்தை, அக்கா கையில இருக்கறது தொத்து வியாதியா இருந்தா உரிச்சுக் குடுக்குற காயிலயும் ஒட்டிக்குமே?" குழுமாயி ஆடிப்போய்விட்டாள். மறுநாள் காலையிலேயே வள்ளிக்கண்ணுவை இழுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினாள்.

டாக்டர் அக்னஸ் கண்ணாடி போட்ட, சிரித்த முகமான அம்மாள். வள்ளிக்கண்ணுவின் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுத்தினார். பஞ்சால் தடவி, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார்.

"இது வியாதி இல்லம்மா. ஒட்டவும் ஒட்டாது. தழும்புதான், கொஞ்சம் ஓவரா வளந்துடுச்சு."

"ஒரே ஊசிங்க, ஒரே மை. இன்னொரு மருமவளுக்கு அடங்கிடுச்சே?" என்றாள் குழுமாயி, ஊசிக்கு வக்கீல் மாதிரி.

"ஊசி ரொம்ப ஆழமாப் போனாலும் இப்படி வரும். புண்ணு சீழ் வச்சாலும் பொருக்கைப் பிச்சாலும் வரும். உங்க வீட்ல ரெண்டு பேருக்கும் குத்தினவ ஒருத்திதான்னா, வித்தியாசம் தோல்லதான் இருக்கு. காயம் பட்டா உடம்பு அந்த எடத்தை நிரப்பும். நிரம்பினதும் நிறுத்திக்கணும். சில பேர் தோலுக்கு நிறுத்தத் தெரியாது, நிரப்பிக்கிட்டே இருக்கும். அது மேல எதையாவது போட்டுத் தேச்சீங்களா?"

வள்ளிக்கண்ணு செங்கல் பொடியைச் சொன்னாள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தேய்க்கத் தேய்க்க அது புதுக் காயம்னு நினைச்சு இன்னும் நிரப்பும். வெட்டி எடுத்தாலும் திரும்ப வரும். சும்மா விடுங்க. நமைச்சலுக்கு மருந்து தரேன். இந்த மாதிரித் தோலு பல வீட்ல பரம்பரையா வரும். உங்க வீட்ல யாருக்காவது காது குத்தின எடத்துல, அம்மை குத்தின எடத்துல, இப்படித் தடிச்சிருக்கா?"

"எங்க வீட்ல யாருக்கும் இல்லீங்க," குழுமாயி முந்திக்கொண்டாள். "அது இவ பொறந்த வீட்டுத் தோலு."

"இவங்க பொறந்த வீடு எது?"

"என் அண்ணன் வீடு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப உங்க பொறந்த வீடு?"

ஒரு வருஷமாக ராசியில்லாத கை என்று வாய்க்கு வாய் திட்டித் தீர்த்தது தன் அப்பன் வீட்டுத் தோலைத்தான் என்பது அப்போதுதான் குழுமாயிக்கு உறைத்தது. வள்ளிக்கண்ணு சிரிப்பு வந்துவிடாமல் இருக்கச் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையைக் காட்டுங்கம்மா," என்றார் டாக்டர். "அம்மை குத்தின எடம் எங்க?"

குழுமாயி எப்போதும் முழங்கை வரை நீண்ட ரவிக்கைதான் போடுவாள். அடக்கமான பொம்பளை என்று ஊரில் அதற்குப் பெயர். முதலில் மறுத்தாள். குளிருகிறது என்றாள். வேறு வழியில்லாமல் போனதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வலது கையின் துணியைத் தோள் வரை சுருட்டினாள். பலாக்கொட்டை அளவுக்கு இரண்டு தடிப்பு, மாமியார் மருமகள் பேதமில்லாமல் அதே பளபளப்பு.

"அச்சு அசல்!" என்றார் டாக்டர் அக்னஸ், என்னவோ பரிசு விழுந்ததுபோல.

திரும்பும் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. குழுமாயி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சின்ன வயசுல குத்துன பச்சை அடங்கித்தான் இருந்துச்சு. கல்யாணம் ஆன புதுசுல அம்மை குத்துனாங்க. இப்படி எந்திரிச்சுப்போச்சு. என் மாமியா பாத்தா பெருவியாதின்னு அனுப்பிச்சுடுவாளோன்னு பயந்தேன். துணியை நீட்டித் தச்சுக்கிட்டேன். அப்புறம் கைராசி கைராசின்னு ஊரே கூப்புட ஆரம்பிச்சுச்சு. தெரிஞ்சா எவன் கூப்புடுவான்? உங்க மாமாவுக்கு மட்டுந்தான் தெரியும். அவரும் போயிட்டாரு."

"அத்தை, ஊரெல்லாம் தோப்பா நிக்கிதே, அது அத்தனையும் இந்தக் கை வச்சதுதானே?"

பஸ் பாலத்தை விட்டு இறங்கும்போது குழுமாயி, "கடைய நீயே தொற," என்றாள். "ஆனா நான் காட்டுனது வெளிய போச்சு, உன்னைத் தொலைச்சுப்புடுவேன்."

வள்ளிக்கண்ணு அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். வீட்டுக்கு வந்து கடை தனக்குத்தான் என்று சொன்னதும் ரங்கநாயகி அவளைத் தூக்கிச் சுற்றாத குறைதான்.

கடை திறந்த அன்று விடியும்போதே சாலையில் ஈரத்துணியோடு ஜனம் நடந்துகொண்டிருந்தது. கற்பூரம் காட்டி, அடுப்பு மூட்டி, வள்ளிக்கண்ணு முதல் காயைச் சீவினாள். எண்ணெய் பொங்கி அடங்கியது. மணம் சாலையின் குறுக்கே போய் ஆட்களை நிறுத்தியது. அடுப்பிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்து ரங்கநாயகி பொட்டலம் மடித்தாள். குழுமாயி ஓரமாக ஸ்டூல் போட்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

முன்னால் நின்றவர் வெளியூர்க்காரர், குடும்பத்தோடு வந்திருந்தார். பொட்டலத்துக்குக் கையை நீட்டியவர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, கையில என்னது அது? வியாதியா?"

"பச்சை குத்துனது எந்திரிச்சுடுச்சுங்க. ஒட்டாதுங்க. டாக்டர்கிட்டயே காட்டியாச்சு."

"என்னமோ போ," என்று அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், கிசுகிசுத்தார்கள். ஒருவர் நகர, இன்னொருவர் நகர, கூட்டம் கலையத் தொடங்கியது. வள்ளிக்கண்ணு நீட்டிய பொட்டலத்தைத் தட்டில் வைத்தாள். பரம்பரைத் தோல் என்று சொன்னால் யாருடைய பரம்பரை என்று கேட்பார்கள். சத்தியம் செய்துவிட்டாளே. வாணலியில் போட்ட சீவல் சிவந்துகொண்டிருந்தது, அவள் அதை அள்ளக்கூட மறந்து நின்றாள்.

ஸ்டூல் தடாலென்று கீழே விழுந்தது.

"எல்லாரும் இங்க பாருங்க!" குழுமாயி கடைக்கு முன்னால் நடுச்சாலைக்கே வந்துவிட்டாள். வலது கை ரவிக்கையைத் தோளுக்கு மேலே ஏற்றிவிட்டிருந்தாள். "இவ கையில இருக்கறதுதான் என் கையிலயும் இருக்கு. இவ என் அண்ணன் மக. எங்களுக்குத் தோலு இப்படி. ஒட்டுற வியாதின்னா நான் கட்டுனவருக்கு ஒட்டியிருக்கணும், பெத்ததுக்கு ஒட்டியிருக்கணும். ஏன் மூக்கா, அங்க என்ன ஒளியிற? உன் தோப்புல மொதக் கன்னை வச்சது யாரு?"

மேலூர் மூக்கன் கூட்டத்துக்குள்ளிருந்து நெளிந்துகொண்டே, "நீங்கதான் ஆத்தா," என்றார்.

"இந்தக் கையாலதான் வச்சேன். ஏதாவது ஒட்டுச்சா?"

"ஒட்டலை ஆத்தா. தாரு கனம் தாங்காம முட்டுக் குடுக்க மூங்கில் கிடைக்காமத் திண்டாடுனேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெளியூர்க்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்கம்மா, ரெண்டு பொட்டலமாக் குடுங்க," என்றார். அவர் குழந்தை அதற்குள் ஒரு சீவலை எடுத்துக் கடித்துவிட்டது.

வள்ளிக்கண்ணு அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை வருஷம் புருஷனைத் தவிர ஒருவருக்கும் காட்டாததை, தனக்காக, ஒரு சாலைக்கே காட்டிவிட்டாளே என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அவள் மறைக்கவில்லை.

"என்னடி பாக்குற? சீவல் கருகுது, அள்ளு!" என்று குழுமாயி ஒரு அதட்டல் போட்டாள்.

மதியத்துக்குள் காய் தீர்ந்துபோய், தர்மராஜ் இன்னும் இரண்டு தாருக்காக மேலூருக்குச் சைக்கிளை மிதித்தான். அவன் திரும்பி வந்தபோது குழுமாயி கையில் பொட்டலத்தோடு சாலை நடுவில் நின்று கூவிக் கூவி விற்றுக்கொண்டிருந்தாள். ஏற்றிவிட்ட ரவிக்கைக் கை ஏற்றிவிட்டபடியே இருந்தது.