கடுகுப் புட்டியின் கீழ் ஒரு டிக்கெட்

"இன்னிக்காவது உள்ள வர்றியா, லியோனா?" என்று என் கணவன் செஸ்டர் கேட்டான். பேஸ்பால் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில், எங்கள் கரி அடுப்பில் சாசேஜ் வெடித்துக்கொண்டிருந்தது.

"ஹால்வர்சன் டீமை வித்துட்டுப் போகட்டும். அப்புறம் வர்றேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே. வாசல் வரைக்கும் வந்து, சாசேஜ் சுட்டுட்டுத் திரும்பிப் போற போராட்டத்தை நான் எங்கயும் பாத்ததில்ல."

"சாசேஜ் மேல எனக்கென்ன கோபம்?"

கோபமெல்லாம் டீமின் முதலாளி ஹால்வர்சன் மேல்தான். சலஸார் எங்கள் பிட்சர். அவன் பந்து வீச வந்தாலே எதிராளிகளின் முகம் வெளிறும். அவனுக்குப் பெரிய சம்பளம் கொடுக்கவேண்டிய நேரம் வந்ததும், ஹால்வர்சன் அவனை வேறு ஊர் டீமுக்குத் தள்ளிவிட்டு, யாரும் கேள்விப்படாத மூன்று பையன்களைப் பதிலுக்கு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து நான் உள்ளே போவதில்லை. மைதானத்தில் செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் என் நாற்காலியில் அவன் தொப்பி உட்கார்ந்திருக்கிறது.

"அந்த மூணு பேர்ல ஒருத்தன், டோபின், இன்னிக்கு முதல் தடவையா வீசுறான்," என்றான்.

"சீஸ் கம்பெனி நடத்திச் சேத்த காசைச் செலவழிக்க அந்த ஆளுக்கு மனசு வரல. நீ அதுக்குத் திட்டம்னு பேர் வைக்கிறே."

"பெரிய பேரா பாத்து வாங்கின டீமெல்லாம் என்னாச்சு? கொஞ்ச நாள்ல எல்லாருக்கும் முட்டி வலி. சின்னப் பசங்களை வளத்தா நின்னு விளையாடுவாங்க."

"வளப்பான். நல்லா வளந்ததும் வித்துடுவான். டீம் நடத்துறானா, பன்னிப் பண்ணை நடத்துறானா?"

செஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு, "பக்கத்து வீட்டு ரே உன் சீட்டைக் கேக்குறான். இன்னிக்கும் நீ வரலன்னா நாளையிலேருந்து அவனுக்குத்தான். தொப்பிகிட்ட பேசிப் பேசி அலுத்துப்போச்சுடி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

வழக்கம்போல் என் டிக்கெட்டை, சாசேஜுக்குத் தொட்டுக்கொள்ளும் கடுகுப் புட்டியின் கீழ் வைத்திருந்தான்.

நான் ரேடியோவைப் போட்டேன். மைதானத்தின் கூச்சல்தான் முதலில் வரும். என்ன நடந்தது என்று ரேடியோ கொஞ்சம் தாமதமாகச் சொல்லும். முதல் ஐந்து இன்னிங்ஸும் நல்ல கூச்சல். ஆறாவதில் மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை.

"மூணு பேஸ்லயும் எதிர் டீம் ஆளுங்க, ஒரு அடி விழுந்தா ரன்தான்," என்றது ரேடியோ. "டோபின் தடுமாறுறான். கோச் வெளிய வர்றாரு."

போச்சு, தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"தோளைத் தட்டிட்டுத் திரும்பிப் போயிட்டாரு! டோபினே தொடர்றான்!"

அடுப்பை மூடினேன். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் படியேறுவதற்குள் டோபின் ஓர் அடி வாங்கி, இரண்டு ரன் போயிருந்தது. அப்போதும் அவனை மாற்றவில்லை. அடுத்த ஆளை அவனே வெளியேற்றினான். படியில் நின்றபடியே கத்தினேன். செஸ்டர் திரும்பிப் பார்த்துத் தொப்பியை எடுத்தான்.

"ஹால்வர்சனை மன்னிச்சிட்டியா?"

"அவன் கஞ்சன்தான். தடுமாறின பையனைத் தூக்காம வச்சாங்க பாரு, அதுக்கு வந்தேன்." உட்கார்ந்தேன். "இவனையும் வித்துட்டா?"

"வித்தா நானும் வெளிய வந்துடுறேன். ரெண்டு பேருமா சாசேஜ் சுடுவோம்."

"ரே?"

"அவன் வீட்லயே டிவி பாக்கட்டும்."