ஷேப் மேட்டில் வண்டி இழுத்தவள்

பெரில் ஃபாசெட்டுக்கு இடது இடுப்பில் ஆபரேஷன் ஆன குளிர்காலத்தில், பக்கத்து வீட்டுக்காரி ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். “சும்மா தடவிட்டே இருங்க, ஏதாவது வரும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரில் தடவினாள். பூனைகள் வந்தன, கேக் செய்முறைகள் வந்தன. ஒருநாள் மத்தியானம் லாரிகள் வந்தன.

பழைய லாரிக்காரர்களின் குழு அது. ஃபோடன், அட்கின்சன், லேலண்ட் என்று பழைய கம்பெனி லாரிகளின் படங்கள் வரிசையாக. ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் வழிக்கதைகள். டேங்கில் டீசல் உறைந்துபோய், கந்தலைக் கொளுத்தி அடியில் காட்டிய கதையை ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர் சூடாகட்டும் என்று பீன்ஸ் டப்பாவை எஞ்சின் மேல் வைத்து, மறந்தே போய், அது வெடித்து, மான்செஸ்டர் வரை காதில் பீன்ஸோடு ஓட்டியிருந்தார். பெரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நெடுநாள் கழித்து அந்த வீட்டில் யாரோ பேசுவதுபோல் இருந்தது.

இந்தக் கதைகளெல்லாம் அவளுக்கும் உரியவைதான். அவள் அப்பாவுக்கு இரண்டு லாரிகள் இருந்தன. கதவில் ‘ஃபாசெட் அண்ட் சன்’ என்று மஞ்சள் எழுத்து. அந்த மகன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். அவன் இடத்தில் பெரில் லாரியில் ஏறி உட்கார்ந்தாள். கல் குவாரியிலிருந்து கெண்டலுக்கு, லங்காஸ்டருக்கு, சில சமயம் லிவர்பூல் வரை. எழுத்தை மாற்றப் பெயிண்ட் செலவு எதற்கு என்று அப்பா அப்படியே விட்டுவிட்டார்.

கைக்கு அடக்கமான ஒரு கேமராவும் அப்போது அவளிடம் இருந்தது. அதில் எடுத்த படங்கள் அடுப்படி மேசையின் இழுப்பறையில் கிடந்தன. அதில் ஒன்றைக் குழுவில் போட்டாள். வட இங்கிலாந்தின் ஷேப் மேட்டு மலைப்பாதை, எங்கும் பனி. மூட்டை ஏற்றிய ஒரு லாரி, பாதையோரப் பள்ளத்தில் மூக்கைச் செருகி நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு இளைஞன் இரும்புச் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறான். ‘ஷேப் மேடு, 1969. நான் இழுத்துவிட்ட வண்டி’ என்று எழுதினாள்.

குழுவை நடத்துகிறவர் கிளைவ் ஆர்மராட், பிரஸ்டன்காரர், பால் டேங்கர் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர்தான் முதலில் கேட்டார்.

“அருமையான படம் கண்ணு. உங்க வீட்டுக்காரர் எடுத்ததா?”

“எனக்கு வீட்டுக்காரரே கிடையாது. நான் எடுத்தது. என் வண்டியில இருந்து.”

“பக்கத்து சீட்டுல வந்தீங்களா?”

“ஸ்டியரிங் இருக்கற சீட்டுல.”

அதற்குக் கீழே சிரிக்கும் பொம்மைகளாக விழுந்தன. “அந்தக் காலத்துல ஷேப்புல பொம்பளை டிரைவரா? நான் வாரம் தவறாம போனவன், ஒருத்தியையும் பாத்ததில்லையே” என்றான் ஒருவன். “எங்க பாட்டிகூட விமானம் ஓட்டினாங்க” என்றான் இன்னொருவன். கிளைவ், “விடுங்கப்பா, வயசானவங்க” என்று எழுதினார். சிரித்தவர்களைவிட அந்த வார்த்தைதான் பெரிலைச் சுட்டது. டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேண்டுமென்றே சத்தமாகப் பாத்திரம் கழுவினாள். நாளைக்குப் படத்தை நீக்கிவிட்டு, குழுவிலிருந்தும் போய்விடுவது என்று முடிவு செய்தாள்.

காலையில் நீக்கப்போனால் ஒரு தனிச் செய்தி காத்திருந்தது. “அம்மா, அந்தப் படத்துல சங்கிலியோட முழிக்கற மடையன் நான்தான். லாக்லன் மக்ஃபேல், லேனார்க். தயவுசெஞ்சு கூப்பிடுங்க.”

கூப்பிட்டாள். ஸ்காட்லாந்துக் குரல், கரகரவென்று, அவசரமாக வந்தது.

“முதல்ல ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு என்னைப் பாத்து என்ன கேட்டீங்க?”

“வண்டி ஓட்டத் தெரியாதவனுக்கு எவன்டா சாவி குடுத்தான்னு கேட்டேன்.”

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

“அதேதான். அதே வார்த்தை. அம்பது வருஷமா சொல்லிட்டிருக்கேங்க. உருளைக்கிழங்கு மூட்டையோட பள்ளத்துல கெடந்தேன், மேல இருந்து ஒரு பொண்ணு கல்லு வண்டியில வந்து, என்னைத் திட்டிக்கிட்டே இழுத்துவிட்டு, தன் இறைச்சி பஃப்ஸ்ல பாதியையும் கையில குடுத்துட்டுப் போச்சுன்னு. ஒரு பய நம்பல. வானத்துல இருந்து தேவதை வந்தாளாடான்னு கேப்பானுங்க. என் பொண்டாட்டி சாகறவரைக்கும் நம்பல.”

“கல்லு ஏத்தின வண்டிங்கறதால பனியில வழுக்காம நின்னுச்சு. காலி வண்டியா இருந்தா நானும் உங்க பக்கத்துலதான் கெடந்திருப்பேன்.”

“நீங்க மட்டும் வரலேன்னா அன்னைக்கு விறைச்சே போயிருப்பேன்.”

“போயிருப்பீங்க. கையுறைகூட போடாம நின்னீங்க.”

அன்று அவர்கள் பேசி முடிக்கும்போது பெரிலின் டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

லாக்லன் குழுவில் எல்லோரும் பார்க்க எழுதினார். படத்தில் இருப்பது தான்தான் என்று சொல்லி, அதே வயதில் தான் எடுத்துக்கொண்ட இன்னொரு படத்தையும் பக்கத்தில் போட்டார். அதே காது, அதே முழி. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து மன்னிப்புக் கேட்டார்கள். கிளைவ் போனிலேயே கூப்பிட்டார். “கோடையில பென்ரித் பக்கம் ஒரு மைதானத்துல பழைய வண்டிங்கள்லாம் கூடுது. நீங்க வரணும். வந்து நேர்லயே என்னைத் திட்டணும்.”

“திட்டறதுக்குன்னா வரேன்.”

ஜூன் மாதம் கைத்தடியோடு போனாள். புல்வெளி முழுக்கப் பெயிண்ட் மினுக்கும் லாரிகள், மடக்கு நாற்காலிகள், பேக்கன் வறுக்கும் வாசனை. சிவப்பு அட்கின்சன் ஒன்றின் படியிலிருந்து நெட்டையாக, வழுக்கையாக ஒருவர் இறங்கினார். காதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. இருவரும் கைகுலுக்கத்தான் நினைத்தார்கள், ஆனால் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

“அந்த வண்டி எப்பவோ காயலான் கடைக்குப் போயிருச்சு. இது அதோட தங்கச்சி. கோழிக் கொட்டகையில கெடந்ததை நானே உருப்படி பண்ணினேன்” என்ற லாக்லன் சாவியை நீட்டினார். “ஓட்டு.”

“விளையாடாதே. இந்த இடுப்பை வச்சிக்கிட்டா?”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“நல்லா நடக்கச் சொன்னாரு. கிளட்ச் மிதிக்கச் சொல்லல.”

“மிதிக்க வேணாம்னும் சொல்லலல்ல?”

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். கிளைவ் கைத்தடியை வாங்கிக்கொண்டு தோள் கொடுத்தார். ஏறி உட்கார்ந்ததும் டீசலும் பழைய தோலும் கலந்த வாசனை அடித்தது. அகலமான ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாள். கியரைப் போட்டு கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. கூட்டத்தில் யாரோ செருமினார்கள். பெரிலுக்கு முகம் சிவந்தது.

லாக்லன் பக்கத்து சீட்டில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “இந்தத் தங்கச்சி எல்லார்கிட்டயும் இப்படித்தான். முதல் தடவை மூஞ்சியத் திருப்பிக்குவா” என்றார்.

மறுபடி எஞ்சினை எழுப்பினாள். இந்த முறை காலை மெல்ல, மிக மெல்ல எடுத்தாள். வண்டி நகர்ந்தது. இரண்டாவது கியருக்கு மாறும்போது இடுப்பில் சுருக்கென்றது. ஆனால் பல்சக்கரம் கரகரக்கவில்லை. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து வாசலில் நிறுத்தி, “தெற்கே, ஷேப் பக்கம் திரும்பட்டுமா?” என்று கேட்டாள்.

“காலி வண்டி, பழைய வண்டி. உன் கார் லைசென்ஸே போதும். திரும்பு.”

ஷேப் ஊரைத் தாண்டி மேட்டில் ஏறினாள். கனரக வண்டிகளெல்லாம் மோட்டார்வேக்குப் போய்விட்டதால் பாதை காலியாகக் கிடந்தது. இருபக்கமும் ஆடுகள் மேய்ந்தன. எஞ்சின் முனகியது, அவளும் கூடவே முனகினாள். உச்சியில் நிறுத்தியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, முதுகெல்லாம் வேர்வை. பின்னால் காரில் வந்த கிளைவ் இறங்கி ஓடிவந்து, ஸ்டியரிங்கில் கைவைத்த பெரிலைப் படம் எடுத்தார்.

அன்று சாயங்காலமே அதைக் குழுவில் போட்டார். ‘இவர் பெரில் ஃபாசெட். இந்த மேட்டில் கல் லாரி ஓட்டினார். நம்பாமல் போன முட்டாள் நான்’ என்று மட்டும் எழுதினார்.

மறுநாள் டெவனிலிருந்து ஒரு பெண் எழுதினாள், கால்நடை லாரி ஓட்டியவள். அப்புறம் வேல்ஸில் நிலக்கரி ஏற்றியவள். தன் அம்மா ஹல் துறைமுகத்தில் மீன் லாரி ஓட்டிய படத்தை, யாருக்குக் காட்டுவது என்று தெரியாமல் வைத்திருந்த ஒரு மகன். சிரிக்கும் பொம்மை ஒன்றுகூட இல்லை. பெரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எல்லோருக்கும் பதில் போட்டாள். ‘அடுத்த கோடைக்கு வாங்க. நாற்காலி நான் கொண்டுவரேன்.’

பதில் போட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. லாக்லன்.

“ஆகஸ்ட்ல எங்க ஊர்ல ஒரு கூட்டம் இருக்கு. நான் வண்டியோட வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். வழியில மாத்தி மாத்தி ஓட்டலாம். என்ன சொல்ற?”

பெரில் கொஞ்சம் யோசித்தாள். இடுப்பு வலித்துக்கொண்டுதான் இருந்தது.

“மேடெல்லாம் நான் ஓட்டறேன்” என்றாள். “இறக்கத்துல நீ ஓட்டிக்கோ.”