ஆரஞ்சு வாசம்

என் வீட்டுக்காரர் வாயில் ஆரஞ்சு வாசம் அடித்தது.

அவர் ஆரஞ்சு சாப்பிடுகிற ஆளே இல்லை. புளிப்பு பட்டாலே பல் கூசுகிறது என்று முகத்தை அஷ்டகோணலாக்குவார். எங்கள் வீட்டுப் பற்பசையிலும் ஆரஞ்சு கிடையாது. அன்று புதன்கிழமை, எனக்கு வார விடுமுறை. வேலை முடிந்து வந்தவர், கதவைத் திறந்த என் பக்கம் குனிந்து, "என்னம்மா, நல்லா ரெஸ்ட் எடுத்தியா?" என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வேறொருத்தியாக இருந்தால் சட்டையில் முடி ஒட்டியிருக்கிறதா என்று தேடியிருப்பாள். எனக்கு அந்தச் சிரமமே இல்லை. அந்த வாசம் எந்த அறையில், எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் ஒரு பல் கிளினிக்கில் பல் சுத்தம் செய்கிறவள். பிடுங்குவதும் அடைப்பதும் டாக்டரம்மாவின் பாடு. பல்லில் இறுகிப்போன காரையைச் சுரண்டி, ஈறுக்கு அடியில் ஒளிந்திருப்பதையும் எடுத்து, கடைசியில் பசை வைத்துப் பளபளவென்று மெருகேற்றி அனுப்புவது என் வேலை. போன வருஷம் வரை அங்கே நான் ஒருத்திதான். கூட்டம் அதிகமாகிவிட்டது என்று டாக்டரம்மா என் அறையின் குறுக்கே பலகைத் தடுப்பு வைத்தார். அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி போட்டு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஜன்னலும் அவள் பக்கம் போய்விட்டது.

வந்த வாரமே அவள், "புதினாப் பசை சில பேருக்கு எரியும் டாக்டர், எனக்கு ஆரஞ்சு வாசத்துல வாங்கிக்கலாமா?" என்று நைசாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து என் மனதுக்குள் அவள் பெயர் ஆரஞ்சு. எனக்கு எப்போதும் புதினாதான்.

பொறாமையா என்று கேட்டால், பொறாமைதான். வருஷக்கணக்காக என்னிடம் வாயைத் திறந்தவர்கள் வரவேற்பில் நின்று, "அந்தப் பக்கம் இருக்காங்களே, அவங்க இருந்தா பரவாயில்ல" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் வயிறு எரியுமா, எரியாதா? அவள் கை வேகமா என்றால் அதுவும் இல்லை. ஒரு வாய்க்கு நான் எடுத்துக்கொள்வதைப் போல இரண்டு மடங்கு நேரம். பாதி நேரம் பேச்சு. "வலிச்சா கையைத் தூக்குங்க சார், உடனே நிறுத்திடறேன்." எனக்கு இந்தக் கொஞ்சலெல்லாம் வராது. வாயைப் பார்ப்பேன், இருப்பதைச் சொல்வேன். "தினம் தேய்க்கறீங்களா, இல்ல பிரஷ்ஷுக்குப் பல்லைக் காட்டிட்டு வந்துடறீங்களா?" என்று கேட்பேன். வந்தவர்களின் நல்லதுக்குத்தானே கேட்கிறேன்?

போகிறவர்கள் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் புருஷனுமா?

அன்று சாயங்காலம் அவர் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கைப்பேசியில் ஏதோ பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். நான் டீ கொண்டுபோகிற சாக்கில் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். கீழ் முன்பற்களின் உட்பக்கம், நாக்கு உரசும் இடம். காரை முதலில் குடியேறுவது அங்கேதான். கல்யாணமான நாளிலிருந்து அந்த இடத்தில் ஒரு மஞ்சள் மதில் எழும்பி நின்றதை நான் அறிவேன். இப்போது மதிலைக் காணோம். பல்லுக்குப் பல் தனித்தனியாகத் தெரிந்தது. எவ்வளவு பொறுமையாக எடுத்திருக்கிறாள், பாவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன அப்படிப் பாக்கறே?" என்றார்.

"டீ ஆறிடப் போகுது. குடிங்க" என்றேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கயிற்றில் ஒரு பிசிறு தெரிந்தால் லிஃப்ட்டை அங்கேயே நிறுத்திவிடுவார், யார் கெஞ்சினாலும் ஓட்டமாட்டார். தன் பல் விஷயத்தில் மட்டும் எல்லாம் நாளைக்கு. செருப்புக்குப் பாலிஷ் போடுவது போல முன்னால் நாலு இழுப்பு, ஒரு கொப்பளிப்பு, முடிந்தது. நான் கரடியாய்க் கத்தியிருக்கிறேன். "சாப்பிடச் சாப்பிடப் பல்லுல ஒரு படலம் படியுதுங்க. அன்னன்னைக்கு எடுத்தா பிரஷ்ஷுக்கே வந்துடும். விட்டா கல்லா இறுகிடும், அப்புறம் நீங்க தலைகீழா நின்னு தேய்ச்சாலும் போகாது. ஈறு வீங்கும், ரத்தம் வரும், பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பே கரையும்." எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அவர் குளிக்கப் போனதும் கருவிப் பையைத் திறந்தேன். செய்யக்கூடாத வேலைதான், செய்தேன். ஸ்பேனர்கள், டார்ச், கறுப்பு டேப், அந்த டேப்புக்குப் பக்கத்தில் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் ஒரு சுருள். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. நான் வாங்கிக் கொடுத்த நூலால் அவர் பரணில் ஒயர் கட்டி வைத்திருந்தார். இவள் கொடுத்த நூலை மட்டும் மொட்டை மாடி மெஷின் ரூமில் உட்கார்ந்து ஒளித்து ஒளித்துப் பயன்படுத்துகிறாராம், பெரிய மனுஷர்!

மறுநாள் கிளினிக்கில் முதலில் மாட்டியது வரவேற்பில் இருக்கும் பெண்.

"ஏம்மா, நேத்து எங்க வீட்டுக்காரர் இங்க வந்தாரா?"

அவள் விழி பிதுங்கியது. "அக்கா... அது வந்து... அவர்தான் சொல்ல வேணாம்னு..."

"நேத்து மட்டுமா?"

"புதன்கிழமைல மட்டும்தான்க்கா வருவாரு."

புதன்கிழமையில் மட்டும். நான் வீட்டில் துணி காயப்போடும் நாளில் மட்டும். தரை துடைக்கிற அம்மாவுக்குக்கூடத் தெரிந்திருந்தது. டாக்டரம்மாவுக்கும் தெரிந்திருந்தது. தெரியாத ஒரே ஜென்மம் நான்தான்.

நேரே தடுப்புக்கு அந்தப் பக்கம் போனேன். ஆரஞ்சு, கருவிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"என் புருஷன் வாய்க்குள்ள உனக்கு என்ன வேலை?"

கேட்ட பிறகுதான், அந்தக் கேள்வி காதில் எப்படி விழுகிறது என்று எனக்கே உறைத்தது. வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஆரஞ்சு சிரிக்கவில்லை. "அக்கா, என் நாற்காலில உக்காந்தவங்க விஷயத்தை நான் எப்படிக்கா சொல்றது? உங்ககிட்ட வர்றவங்களப் பத்தி நீங்க என்கிட்ட சொல்வீங்களா? அண்ணனே சொல்லுவாரு. கேளுங்க."

பதில் சொல்ல முடியாதபடி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. திரும்பி வந்துவிட்டேன். அன்று முழுக்க என் காது தடுப்பின் மேல்தான் இருந்தது. அவளிடம் யாரோ ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். "பல்லுல ஒரு சிவப்பு மருந்து தடவறேம்மா. படலம் இருக்கிற இடம் மட்டும் சிவப்பாத் தெரியும். இந்தாங்க, கண்ணாடியை நீங்களே பிடிங்க. எங்க விட்டுப்போயிருக்குன்னு நீங்களே சொல்லுங்க." அதே மருந்து என் அலமாரியிலும் இருக்கிறது. கண்ணாடியும் இருக்கிறது. அதை நான் என் கையில் பிடித்துக்கொண்டு, "பாருங்க, பாருங்க, எவ்வளவு அழுக்குன்னு பாருங்க" என்று காட்டுவேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நூல் சுருளை அவர் முன்னால் வைத்தேன்.

"இது என்ன?"

அவர் சுருளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பையை நோண்டினியா?"

"ஆமா, நோண்டினேன். நான் சொன்னப்ப எல்லாம் ஏறாத புத்தி, அவ சொன்னதும் எப்படிங்க ஏறுச்சு? நான் சொல்லாத எதை அவ புதுசா சொல்லிட்டா?"

"ஒண்ணும் புதுசா சொல்லல. பல்லும் ஈறும் சேர்ற இடத்துல பிரஷ்ஷைச் சாய்ச்சு வெச்சு மெதுவாத் தேய்க்கணும்னாங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி நூல் போடணும்னாங்க. நீ சொன்னதேதான்."

அட்சரம் பிசகாமல் நான் சொன்னதேதான்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்புறம் எதுக்கு அவகிட்ட போனீங்க? என் கை கசக்குதா உங்களுக்கு?"

அவர் சுருளை உருட்டிக்கொண்டே சொன்னார். "ஒரு நாள் துப்பினா ஒரே ரத்தம். பயந்துட்டேன். ஒரு பல்லு லேசா ஆடற மாதிரியும் இருந்துச்சு. உன்கிட்டதான் முதல்ல வரணும்னு நினைச்சேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை உன் நாற்காலில உக்காந்தேனே, ஞாபகம் இருக்கா? வாயைத் திறந்ததும், 'இது வாயா, சாக்கடையா'ன்னு கேட்டே. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பொண்ணையும் கூப்பிட்டுக் காட்டினே."

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். புருஷன்கிட்ட விளையாடாம வேற யார்கிட்ட விளையாடறது?"

"விளையாட்டுதான், நான் கோவிச்சுக்கல. ஆனா ஊர்ல எல்லார் வாயையும் பாக்கற பொண்டாட்டிகிட்ட, இருக்கறதுலயே கேவலமான வாயைக் கொண்டுபோய்க் காட்டறதுக்கு எனக்கு வெக்கமா இருந்துச்சு." அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "அதான் அந்தத் தங்கச்சிகிட்ட முதல்ல சரி பண்ணிக்கிட்டு, அப்புறமா உன்கிட்ட வந்து உக்காரலாம்னு. பரீட்சைக்கு முன்னாடி டியூஷன் போற மாதிரின்னு வெச்சுக்கயேன். ஒரு தடவையாவது என் வாயைப் பாத்துட்டு நீ 'நல்லா இருக்கு'ன்னு சொல்லணும். அவ்வளவுதான். நாளைக்கு உன் நாற்காலிக்குத்தான் நேரம் சொல்லி வெச்சிருக்கேன்."

அவர் கையிலிருந்த சுருளை வாங்கிக் கருவிப் பையிலேயே திரும்பப் போட்டேன். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"வாங்க, வாங்க. நாளைக்குப் பாத்துக்கறேன் உங்க டியூஷன் டீச்சர் லட்சணத்தை" என்றேன்.

மறுநாள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தார். ஆள் இல்லாத லிஃப்ட் குழியில் தொங்கி வேலை செய்கிறவருக்கு என் நாற்காலியில் அவ்வளவு பயம்.

விளக்கைத் திருப்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், குறை கண்டுபிடிக்கத்தான் உள்ளே போனேன். ஆழம் பார்க்கும் மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லின் விளிம்பிலும் விட்டுப் பார்த்தேன். மேல் வரிசை, வெளிப்பக்கம், உட்பக்கம். கீழ் வரிசை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஈறு இளஞ்சிவப்பாக, பல்லை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆடிய பல் எது என்று தேட வேண்டியிருந்தது. படலம் இல்லை, வீக்கம் இல்லை. பாதி அவள் கை வேலை, பாதி இவர் தினமும் ஒளிந்திருந்து செய்த வேலை. இதில் எனக்கென்று எதுவுமே இல்லை.

அப்போதுதான் தட்டுப்பட்டது. இடப்பக்கம், கீழே, கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்னால் கம்பி நறநறத்தது. மணல் துகள் அளவுக்கு ஒரு காரை. ஆரஞ்சு விட்டுவிட்டாள்! எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. கூப்பிடலாம். "இங்க வாம்மா, வந்து பாரு, என்ன சுத்தம் பண்ணியிருக்கே?" என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்துக் கேட்கலாம். அந்தப் பக்கத்தில் மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. அவளும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

என் கை நின்றதும் அவர் கண்ணைத் திறந்தார். வாய் திறந்தபடியே இருந்தது, பேச முடியாது. கண் மட்டும் கேட்டது. ரிசல்ட் ஒட்டிய பலகையில் தன் நம்பரைத் தேடுகிற பிள்ளையின் கண்.

சின்னக் கருவியை எடுத்தேன். அந்தத் துகளை ஒரே சுண்டலில் எடுத்துப் பஞ்சில் துடைத்து, பஞ்சை மடித்துக் குப்பையில் போட்டேன். பிறகு கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு."

அதைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னேன். சொல்லும்போது நெஞ்சில் முள் குத்தாமல் இல்லை.

அவர் கண்ணாடியில் தன் பல்லைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதா? எழுந்திரிக்கவா?" என்றார், வாயெல்லாம் பல்லாக.

"இருங்க, என்ன அவசரம்?" என்று தோளைப் பிடித்து மறுபடி சாய்த்தேன். மெருகேற்ற அங்கே ஒன்றுமே பாக்கி இல்லை. இருந்தாலும் என் டப்பாவைத் திறந்து புதினாப் பசையை எடுத்து, ஒரு பல் விடாமல் தேய்த்துவிட்டுத்தான் அவரை எழுந்திருக்க விட்டேன்.