ஜன்னலோரத்து மஞ்சள் ரோஜா

பதினோரு ரோஜாச் செடிகளைக் கொன்றுவிட்டு, பன்னிரண்டாவதற்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் வெங்கடலட்சுமி.

வேண்டுமென்று கொல்லவில்லை. பீளமேட்டில் அந்தக் கோடையில் சிறுவாணித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. நூல் மாதிரி ஒழுகும். சமையலுக்கு, குடிக்க, படுக்கையில் கிடக்கும் புருஷன் சுந்தரராஜுலுவைக் குளிப்பாட்ட என்று தீர்ந்துவிடும். மற்றதற்கெல்லாம் போர்வெல் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும். அதைக் குடித்து ரோஜா பிழைக்காது.

சுந்தரராஜுலு மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். போன ஆவணியில் பக்கவாதம் வலப்பக்கத்தை இழுத்துக்கொண்டது. வாய் மட்டும் பழையபடி ஓடியது.

"லட்சுமி, ரோஜாவுக்கு நல்ல தண்ணிதானே ஊத்தறே?"

"ஆமாங்க."

"பன்னண்டுக்கும்?"

"பன்னண்டுக்குந்தானுங்க."

படுக்கையிலிருந்து பார்த்தால் ஜன்னலில் ஒரே ஒரு தொட்டிதான் தெரியும். ஊட்டியிலிருந்து அவர் மடியில் வைத்துக் கொண்டுவந்த மஞ்சள் ரோஜா. அதற்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் போயிற்று. அதற்காக அவள் தன் குளியலை உப்புத் தண்ணீருக்கு மாற்றிக்கொண்டாள். சுவருக்கு அந்தப்பக்கம் மற்ற பதினொன்றும் இலையோரம் கருகி, கொட்டி, குச்சியாக நின்றன. தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மூலையில் நந்தியாவட்டை மட்டும் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடித்துவிட்டு அமோகமாகப் பூத்தது.

சித்திரையில் ஒரு காலை, அவருக்கு உடற்பயிற்சி கொடுக்க டி.வி.எஸ். ஐம்பதில் வரும் திருமூர்த்தி சொன்னான்:

"அய்யா, இன்னைக்கு வாசப்படி தாண்டிப் பாக்கலாமுங்களா?"

எட்டு மாதமாக அவள் வேண்டிக்கொண்ட வார்த்தை. இப்போது கேட்டதும் வாசல் கதவைச் சாத்தப் போனாள். செடிகளைப் பார்த்தால் மனசு விட்டுப்போய் மறுபடி படுத்துவிடுவாரே!

"வெயிலுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"அய்யா எந்திரிச்சுட்டா வீட்டுல அதிகாரம் போயிருமேன்னு பயமுங்களா அம்மா?" என்று சிரித்தான் திருமூர்த்தி.

சுந்தரராஜுலு இடது கையில் தடியை ஊன்றி எழுந்துவிட்டார். படி தாண்டினார். ஏழு அடி. சுவர் திரும்பியதும் நின்றார்.

பதினோரு தொட்டி. பதினோரு குச்சி.

"உப்பு," என்றார்.

"ஆமாங்க."

"எப்பருந்து?"

"மாசியிலிருந்துங்க. முடியலீங்க." அந்த ஒரு வார்த்தையை எட்டு மாதத்தில் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"தெனமும் பொய் சொல்லிப்போட்டே."

"சொல்லிப்போட்டேனுங்க." அழுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. திருமூர்த்தி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஜன்னல்கிட்ட இருக்கறது மட்டும் எப்படி?"

"நீங்க பாக்கறதுக்குங்க."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அறைக்குள் எப்போதும் அரை இருட்டு. வெயிலில் இப்போதுதான் பார்க்கிறார். இடுப்பு வரை கிடந்த முடி தேங்காய் நார் மாதிரி சிக்குப் பிடித்து, வகிட்டில் மண்டை தெரிந்தது.

"உந் தலை என்ன இப்படி ஆகிப்போச்சு?"

அவர் கண் தொட்டி விளிம்புக்கும் அவள் தலைக்கும் ஒரு தரம் போய் வந்தது.

"தண்ணி எப்ப வரும்?"

"நாளைக்குங்க."

"ரோஜாவுக்கு ஊத்தற குடத்த நீ தலைக்கு ஊத்திக்க. ரோஜா போனாப் போகுது."

"அப்புறம் ஜன்னல்ல எதைப் பாப்பீங்க?"

"நந்தியாவட்டைல ஒரு கொம்ப ஒடிச்சு அங்க நட்டு வையி. கேக்காமயே பூக்குது, கழுத!"

"அய்யா, ஏழடி வந்தா ஏழடி திரும்பிப் போகோணுமுங்க," என்றான் திருமூர்த்தி.

மறுநாள் விடிகாலை தண்ணீர் வந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பாதிக் குடம் ஊற்றிக்கொண்டாள். சோப்பு நுரைத்தது. ரெண்டு மாதமாகப் பார்க்காத நுரை.

மீதிப் பாதியைப் பார்த்தாள். ஜன்னலோரம் இருபது அடி. குடத்தை இடுப்பில் ஏற்றக் கை போயிற்று. எழுந்திருக்க முடியவில்லை.

"லட்சுமி, ஊத்திக்கிட்டயா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. "முழுக் குடமும்?"

மீதியையும் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"முழுக் குடமுந்தானுங்க."