மலைக்கதையில் ஒரு மருமகள்

சீட் கவர் கடைக்காரர் தன் மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை கதைப் புத்தகம் என்ற ஒன்றைக் கையால் தொட்டவரில்லை. கார் இருக்கைக்கு அளவெடுப்பது, ரெக்சின் வெட்டுவது, ஃபோம் திணிப்பது, ஓரம் தைப்பது, நடுநடுவே டீ குடிப்பது, இதுதான் அவருடைய உலகம். படிக்கிற வேலையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். மகளும் அவர் நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கும் படிப்பைப் படித்து ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்தாள். அக்கம்பக்கத்தில் யாருக்காவது கால் சுளுக்கினால்கூட, "எக்ஸ்ரே எடுத்துட்டீங்களா? என் பொண்ணுகிட்டயே எடுங்க" என்று ஆள் பிடித்து அனுப்புவார்.

அப்புறம் மலைப்பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். மாட்டு டாக்டர். தங்கமான பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் தூரத்தில்தான். ரயிலில் ஒரு ராத்திரி, அதற்கு மேல் குடலைப் புரட்டும் மலைப்பாதையில் பஸ். மகள் வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும்.

"நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேன்ப்பா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்ப்பா."

அவ்வளவுதான். அப்பாவும் மகளும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கிறார்கள், ஆனால் பேசச் சொன்னால் இந்த லட்சணம்தான். "ராங் நம்பர்னாகூட இதவிட நாலு வார்த்தை அதிகமாப் பேசுவாங்க" என்பார் அவர் மனைவி.

இந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் பக்கத்துத் தெரு நூலகத்து அம்மா தன் ஸ்கூட்டர் சீட் கிழிந்துவிட்டது என்று கடைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, "மலைப்பக்கத்து ஊருங்களப் பத்தி ஏதாவது புத்தகம் இருக்குமாங்க?" என்று கேட்டுவைத்தார் கடைக்காரர். மறுநாள் சீட்டை வாங்கிப்போக வந்த அம்மா ஒரு பை நிறையப் புத்தகத்தோடு வந்தார். அந்த மலையில் பனிக்கு அடுத்தபடியாக விளைவது எழுத்தாளர்கள்தான் போலிருக்கிறது.

கடையின் பின்பக்கம் ஏதோ ஒரு பழைய காரிலிருந்து கழற்றிப் போட்ட பின்சீட் கிடந்தது. அதில் சாய்ந்துகொண்டு நம்மவர் படிக்க ஆரம்பித்தார். முதல் புத்தகத்தை முடிக்கப் பெரும்பாடு பட்டார். இரண்டாவது கொஞ்சம் ஓடியது. அதற்கப்புறம் வாடிக்கையாளர் வாசலில் நின்று ஹார்ன் அடித்தாலும் காதில் விழவில்லை. எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள் என்றாலும் எல்லாப் புத்தகத்திலும் அதே பனி, அதே மரப்பாலம், காணாமல் போகும் ஓர் ஆடு, எதற்கெடுத்தாலும் முறைக்கிற ஒரு பெரியண்ணன். போகாத ஊர் அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

"ஏம்மா, அங்க பனி சமையக்கட்டு ஜன்னல் வழியா உள்ள வந்து உக்காந்துக்குமாமே?" என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டார்.

"யாருப்பா உங்களுக்குச் சொன்னா?" என்று மகள் சிரித்துவிட்டாள்.

"அப்புறம் அந்த மரப்பாலம்? ஆடுதாமே?"

"இருங்க, அத்தையக் கேட்டுச் சொல்றேன்." போனுக்கு அப்பால் ஏதோ பேச்சு. "அத இடிச்சுட்டு கான்கிரீட் பாலம் கட்டி எந்தக் காலமோ ஆச்சாம். நீங்க படிக்கற புத்தகத்துக்கு நரை விழுந்திருக்கும்னு அத்தை சொல்றாங்க."

அன்றைக்கு வாய் வலிக்கிற அளவுக்குப் பேசினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி, இவருக்கா இவ்வளவு பேச்சு வருகிறது என்று ஏற இறங்கப் பார்த்தார்.

ஆனால் படிக்கப் படிக்க அவருக்கு ஒரு விஷயம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், கீழேயிருந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண் நேரே சமையலறைக்குள் போகிறாள். அதோடு சரி. ஆட்டைத் தேட ஊரே கிளம்புகிறது, அவளைத் தேட ஆளில்லை. எழுதியவரே அவளை மறந்துவிடுகிறார்.

"அங்க ஆஸ்பத்திரி இருக்காம்மா?" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"இருக்குப்பா."

"எக்ஸ்ரே?"

"மெஷின் இருக்காம். ஆள்தான் இல்லையாம்."

"அப்ப நீ போய்..."

"பாக்கலாம்ப்பா."

அந்தப் 'பாக்கலாம்' அவருக்குத் தெரியாததா? வாய்விட்டுக் கூலி கேட்கக் கூச்சமாக இருந்தால் வாடிக்கையாளரிடம் அவரே சொல்லுகிற பாக்கலாம்தானே அது. மகளுக்கு வேலைக்குப் போக ஆசை, வாயைத் திறந்து கேட்கக் கூச்சம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நாமே சம்பந்தியிடம் கேட்டுவிடலாமா என்று மனைவியிடம் யோசனை கேட்டார். "பொண்ணக் கொடுத்த இடம். நாம ஒண்ணு கேக்க, அவங்க ஒண்ணு நினைக்க, கடைசில அவ தலையிலதான் விடியும். சும்மா இருங்க" என்று மனைவி அடக்கிவிட்டார். சும்மா இருந்தார். சும்மா இருப்பதுபோலக் கஷ்டமான வேலை அவருக்கு வேறு இல்லை.

இதற்கிடையில் புத்தகம் தீர்ந்துபோனது. "மலை முடிஞ்சுபோச்சுங்க. கடலோரக் கதைங்க நிறைய இருக்கு, தரட்டுமா?" என்றார் நூலகத்து அம்மா.

"கடலோரத்துல எனக்கு யாருங்க இருக்கா?" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. "இந்த வாரம் என்னப்பா படிச்சீங்க?" என்றாள் மகள். கடைக்காரர் ரெக்சின் சுருள்களைப் பார்த்தார், மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார், பிறகு ஒரு போடு போட்டார்.

"புதுசா ஒண்ணு கிடைச்சுதும்மா. தடிப் புத்தகம்."

படித்ததையெல்லாம் வெட்டி ஒட்டிக் கதை தைக்க ஆரம்பித்தார். பனியைப் போட்டார், மரப்பாலத்தைப் போட்டார், முறைக்கிற பெரியண்ணனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார், ஓர் ஆட்டையும் தொலைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அந்த வீட்டுக்கு ஒரு மருமகள் வந்தாள். அவள் கடிகாரம் ரிப்பேர் செய்யத் தெரிந்தவள் என்று அவர் வாயில் ஏன் வந்ததோ, வந்துவிட்டது. அந்த ஊர்க் கோபுரத்தில் ஒரு பெரிய கடிகாரம், நின்றுபோய்க் கிடக்கிறது, சரிசெய்ய ஆளில்லை. அவள் தினமும் சமையலறை ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மறுமுனையில் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"அப்புறம் அவ என்ன பண்ணாப்பா?"

"நான் இன்னும் அந்த இடத்துக்கு வரலம்மா."

வாரா வாரம் கதை வளர்ந்தது. மருமகளுக்கு என்ன முடிவு சொல்வது என்று தெரியாததால் ஆட்டை மேலும் மேலும் தொலைத்துக்கொண்டே போனார். "அந்த ஆட்டக் கண்டுபிடிச்சுத் தொலைங்க, எனக்கே ராத்திரி தூக்கம் வரல" என்றார் மனைவி. மகளுக்கு ஆட்டைப் பற்றிக் கவலையில்லை. அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"அவ வாயத் திறந்து கேட்டாளாப்பா?"

"இன்னும் இல்ல."

"ஏனாம்?"

"கேட்டா தப்பா நினைச்சுக்குவாங்களோன்னு பயமாம்."

"பாவம்ப்பா அவ" என்றாள் மகள், குரல் இறங்கிப்போய். போனை வைத்ததும் அவர் ரெக்சினைக் கோணலாக வெட்டித் தள்ளினார். பிள்ளையின் கஷ்டத்தைக் கதையாக்கிப் பிள்ளைக்கே சொல்கிறோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தால், வந்தது மகள் குரல் இல்லை.

"சம்பந்தி, நான்தான் பேசறேன்."

மகளின் மாமியார் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதுபோல இருக்கும். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"உங்க பொண்ணு வேலை செஞ்சுக்கிட்டே ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசறா. நானும் வாராவாரம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். அந்தப் புத்தகத்துக்குப் பேர் என்ன?"

"பேருங்களா... அது வந்து..."

"இந்த மலையில பொறந்து வளந்தவ நான். பனிக் காலத்துல எவனாவது ஆட்ட வெளிய விடுவானா? எந்த ஊர் மலை சம்பந்தி அது?"

இனி மறைத்துப் பயனில்லை. "புத்தகமே இல்லீங்க சம்பந்தியம்மா. எல்லாம் நானா அளந்து விட்டது. பொண்ணுகூட நாலு வார்த்தை பேசணும்னுதான்... மன்னிச்சுக்கங்க." சொல்லும்போதே காது சூடானது. பக்கத்தில் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அளந்து விடறீங்கன்னு ஆரம்பத்துலயே தெரியும். அத விடுங்க. இத்தனை வாரமா அந்தக் கதையில மாமியார் ஒரு வார்த்தை பேசலியே, ஏன்? அவளுக்கு வாய் இல்லையா?"

"அவங்க மேல தப்பே இல்லீங்க" என்று கடைக்காரர் பதறினார். "மருமக மனசுல இருக்கறது அவங்களுக்குத் தெரியாது. அவதான் சொல்லலையே."

"அதான் இல்ல. அந்த மாமியாருக்கும் நினைப்பு இருந்துச்சு. வந்து நாலு நாள் ஆகல, அதுக்குள்ள வேலைக்குப் போன்னு சொன்னா, சோத்துக்குக் கணக்குப் பாக்கறாங்கன்னு அந்தப் பொண்ணு மனசு நொந்துக்குவாளேன்னு வாயக் கட்டிக்கிட்டு இருந்தா. அவளா கேக்கட்டும்னு இவ, இவங்களா சொல்லட்டும்னு அவ. நல்ல கூத்து. மீதிக் கதைய நான் சொல்றேன், கேட்டுக்கங்க. நாளைக்குக் காலையில மாமியாரே மருமகளக் கூட்டிக்கிட்டு நேரா அந்தக் கடிகாரக் கோபுரத்துக்குப் போறா. அங்க பெரிய டாக்டர் அவளுக்குத் தெரிஞ்சவர்தான்."

"கடிகாரக் கோபுரத்துல எதுக்குங்க டாக்டர்?" என்று முந்தானைக்குள்ளிருந்து கேட்டார் மனைவி. கடைக்காரருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தது, இரண்டையும் அவர் அடக்கவில்லை.

போன் கைமாறியது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் முதலில் வந்தது, மகள் அப்புறம்தான் வந்தாள்.

"அப்பா. நேராவே கேட்டிருக்கலாம்லப்பா நீங்க?"

"கேட்டிருக்கலாம் கண்ணு. உங்க அத்தைக்குப் பயந்துக்கிட்டுதான் கேக்கல."

"நானும்தான்ப்பா."

"நான் மட்டும் என்னவாம்? உங்க ரெண்டு பேருக்கும் பயந்துக்கிட்டுதானே நானும் கேக்கல" என்று அந்தப் பக்கத்திலிருந்து, மலையே கேட்கும்படி, சம்பந்தியம்மாவின் குரல்.