பையோடு தூக்கியவன்

எங்கள் மோட்டார் சைக்கிள் குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. அதைப் போட்டவன் நான். சாய்ந்து கிடக்கும் வண்டியைத் தனி ஆளாக நிமிர்த்தத் தெரிந்தவர்தான் மலைக்கு வரலாம். பாலைவனத்து மணலில் வண்டி விழுந்தால் கைகொடுக்க ஈ, காக்காய்கூட வராது. அங்கே போய், "யாராவது வாங்களேன்" என்று கூப்பாடு போடுகிறவனைக் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்வது?

குழு என்றால் பெரிய படை ஒன்றுமில்லை. லேத் பட்டறை வைத்திருக்கும் நான், ஒரு பல் டாக்டர், ஒரு மெக்கானிக். ஒவ்வொரு வருஷமும் மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியதும் கிளம்பிவிடுவோம். அதற்கு முன்னால் போனால் பாலைவனம் வறுத்தெடுத்துவிடும். தள்ளிப் போனால் மலைக்கணவாயைப் பனி மூடிவிடும். நடுவே கிடைக்கிற கொஞ்ச நாளில் மணலையும் கடந்து மலையையும் ஏறி இறங்க வேண்டும். முன்னால் போகிறவன் நான். என்னைக் கேப்டன் என்றுதான் டாக்டர் கூப்பிடுவார். எனக்கும் அது பிடிக்கும், பொய் சொல்வானேன்.

போன வருஷம் கணவாய்க்குக் கொஞ்சம் கீழே, சரளைக்கல் வளைவில் என் வண்டி சாய்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் முழுப் பைகள், மேலே கூடாரம், தண்ணீர் கேன். மெக்கானிக் ஓடி வருவதற்குள் ஒரே மூச்சில் தூக்கி நிறுத்திவிட்டேன். டாக்டர் அதை வீடியோ எடுத்தார். அன்றைக்குத் தூக்கியதில் இடுப்பில் ஏதோ நழுவி, ஊர் திரும்பியதும் படுக்கையில் விழுந்து, இந்த வருஷம் தொலைதூரம் வண்டி ஓட்டவே கூடாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் அந்த வீடியோவைப் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் காட்டினேன். ஒரு போல்ட் வாங்க வந்தவர்கூடத் தப்பவில்லை. இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

இந்த வருஷம் காற்றில் சூடு குறைய ஆரம்பித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போகிற இரண்டு பேருக்காவது வழி போட்டுக் கொடுப்போம் என்று சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தேன். பார்சல் அலுவலகத்தில் வேலை முடிந்து வந்த என் மனைவி, பையைக்கூட இறக்கி வைக்காமல் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரெண்டு பேருக்குப் போடாதீங்க, மூணு பேருக்குப் போடுங்க. உங்க வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக என் பின்சீட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வந்தவள்தான். வேலைக்குத் தனியாக ஒரு சின்ன பைக்கில் போய் வருகிறாள். நான் படுத்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் என் வண்டியை வெளியே எடுத்துப் போவாள். ஓடாமல் கிடந்தால் பேட்டரி போய்விடும் என்பாள். பேட்டரி மேல் என்ன அக்கறை என்று நானும் மெச்சிக்கொண்டிருந்தேன்.

"மணல்ல ஓட்டியிருக்கியா?"

"ஆத்துப் பக்கம் மணல்லதான் ஓட்டிப் பழகினேன். மூணு தடவை விழுந்தேன். உங்ககிட்ட சொன்னா விட்டிருக்க மாட்டீங்க." வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "இந்த மணல் காட்ட ஏன் எப்பவும் மத்தியானத்துல தாண்டுறீங்க? மத்தியானம்தான் காத்து கிளம்பும்னு நீங்களே புலம்புவீங்க. விடியறதுக்கு முன்னாடி கிளம்பினா காத்துக்கு முன்னாடி தாண்டிடலாம்ல? அப்புறம் மலையில பாதி வழியில ஒரு ராத்திரி கூடுதலாத் தங்கணும். உசரத்துல டாக்டருக்கு வருஷா வருஷம் குமட்டுது. நீங்க சிரிப்பீங்க. எனக்கு அது சிரிப்பா தெரியல."

குறை சொல்ல இடம் தேடினேன், கிடைக்கவில்லை. எத்தனையோ வருஷமாக நான் போட்ட திட்டங்களைவிட நல்ல திட்டம் அது. பெருமையாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். "சட்டம்னு ஒண்ணு இருக்கு. சாய்ச்ச வண்டிய நிமித்தணும். முடியலன்னா கிடையாது. பொண்டாட்டிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம்னு வைக்க மாட்டேன்."

"வைக்க வேணாம். ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வரேன்" என்றாள்.

ஞாயிறு காலை பட்டறை முற்றத்தில் வண்டிக்கு நானே பைகளைக் கட்டினேன். குனிய முடியாததால் மெக்கானிக் கட்ட, நான் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தேன் என்பதுதான் சரி. ஒரு ஸ்பானரைக்கூடக் குறைக்கவில்லை. கூடாரம், தண்ணீர், மாற்று டியூப், கருவிப்பெட்டி எல்லாம் ஏறின. டாக்டரும் வந்து சேர்ந்தார். பெட்ரோல் குழாயை மூடி, பழைய சாக்கு விரித்து, வண்டியை வலப்பக்கமாகப் படுக்க வைத்தார்கள்.

அவள் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். ஹேண்டிலைப் பிடித்து இழுத்தாள். வண்டி ஒரு முழம் எழும்பியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. மறுபடி சாக்கின் மேல் விழுந்தது.

டாக்டர் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தார். என் மனசில் பாதி 'அப்பாடா' என்றது. அவள் போக மாட்டாள், என் வண்டி என்னோடு இருக்கும், அடுத்த வருஷம் நானே முன்னால் போவேன். மறு பாதி, எழுந்து போய் அவளோடு சேர்ந்து தூக்கச் சொன்னது. இரண்டில் எதற்கும் இடம் கொடுக்காமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் இரண்டாம் தடவை இழுக்கவில்லை. உள்ளங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அலுவலகத்தில் யாராவது பெரிய பெட்டியைக் கவுன்டரில் கொண்டுவந்து போட்டால் அதை எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தாள். பிறகு குனிந்து பைகளின் வார்களை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

கூடாரம் வந்தது. தண்ணீர் கேன் வந்தது. மேலே இருந்த பை வந்தது. வண்டிக்கு அடியில் சிக்கிக் கிடந்த பையை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள். சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே வெளியே தள்ளி வைத்தாள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக் கொடுத்துக் குந்தினாள். ஒரு கையில் ஹேண்டில், மறு கையில் பின்கம்பி. காலை ஊன்றிப் பின்னோக்கிக் குட்டி குட்டியாக அடி வைத்தாள். வண்டி முனகிக்கொண்டே எழுந்து ஸ்டாண்டில் நின்றது. அவளுக்கு மூச்சுகூடப் பெரிதாக வாங்கவில்லை. இறக்கி வைத்த சாமான்களை மறுபடி ஒவ்வொன்றாக ஏற்றி, வார்களை இறுக்கினாள்.

"மேடம், இது போங்கு ஆட்டம். கேப்டன் பையோடல்ல தூக்கினாரு?" என்றார் டாக்டர்.

"பையோட தூக்கணும்னு சட்டத்துல இருக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

இல்லை. நான் சொன்னதேயில்லை. எங்கள் மூவருக்கும் பையைக் கழற்றலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

"பாலைவனத்துல வண்டி விழுந்தா பின்னாடி யாரு ஹாரன் அடிக்கப் போறாங்க டாக்டர்?" என்றாள். "மெதுவாக் கழட்டி, தூக்கி, மறுபடி கட்டிட்டுப் போனா என்ன குறைஞ்சிடும்?"

டாக்டர் வாயைத் திறந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. யார் மேல் என்று யோசித்துப் பார்த்தால், என் மேல்தான்.

"டாக்டர், நான் பையோட தூக்கினேன். வாஸ்தவம். இன்னிக்கு என் செருப்ப யாராவது எடுத்து முன்னாடி போட்டாத்தான் நான் போட்டுக்க முடியும். அவ கழட்டிட்டுத் தூக்கினா. இந்த வருஷம் மலைக்குப் போறது யாரு? அவதான. இனிமே சட்டத்த இப்படி வச்சுக்கங்க: கழட்டத் தெரிஞ்சவங்கதான் வரலாம்."

மெக்கானிக் குனிந்து சிரித்தான். டாக்டர் தாடையைத் தடவிவிட்டு, "அப்ப முன்னாடி யாரு போறது?" என்றார்.

"அவ போட்ட வழி. அவதான் முன்னாடி போவா."

"நான் அதக் கேக்கலையே" என்றாள் மனைவி.

"நீ கேக்கல. நான் சொல்றேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையைக் கல்யாணமான புதிதில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பெருமையில் நாற்காலியைவிட்டுச் சட்டென்று எழுந்துவிட்டேன். இடுப்பு வலி என்று நினைத்து மெக்கானிக் ஓடி வந்து தோளைப் பிடித்தான். பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அண்ணே, உங்களுக்கு வருத்தமா இல்லையா?" என்று காதருகே கேட்டான்.

"வருத்தம்தான்டா. என் வண்டி என்ன விட்டுட்டு மலைக்குப் போகுது. ஆனா இப்பத்தான் அதுக்கு மூளை உள்ள ஆள் கிடைச்சிருக்கு."

கட்டிய சுமையோடு வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க, பங்க் வரைக்கும் போய் பெட்ரோல் போட்டு வருவதாக அவள் ஏறி உட்கார்ந்தாள். கிளப்பினாள். வாசலருகே நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தினாள்.

"ஏதாச்சும் சொல்லணுமா?"

சொல்ல ஆயிரம் இருந்தது. பிரேக், சரளைக்கல், குளிர், உயரம் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. அத்தனையையும் விழுங்கினேன்.

"பத்திரமாப் போயிட்டு வா" என்றேன்.

"தெருமுனை பங்க்குக்குத்தாங்க போறேன்."

"தெரியும். இப்பவே சொல்லிப் பழகிக்கிறேன்."